கலைக்கும் பதக்கம் தந்த காலம்

1896-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ஆம் தேதி, கிரேக்க தேசத்துப் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய ஸேயா விரிகுடாவில், குளிரைத் தாங்குவதற்காக உடம்பெங்கும் கொழுப்பை அப்பிக்கொண்டு படகிலிருந்து கடலில் குதித்தார், ஆல்பிரட் ஹாயோஷ் என்ற பதினெட்டு வயது ஹங்கேரிய வாலிபர். 100 மீட்டர், 1200 மீட்டர் ஆகிய இரு ஒலிம்பிக் நீச்சல்களிலும் அவரே முதலாவதாக வந்தார். ஆயினும் அலைகளுக்கு நடுவே, ஜயிக்க வேண்டும் என்ற ஆசையைக் காட்டிலும் உயிரோடு கரைசேர வேண்டும் என்ற எண்ணமே தம்மிடம் மேலோங்கியிருந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொன்னார். அவருக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது தகப்பனார் டான்யூப் நதியில் மூழ்கி மாண்டவர் என்பதை அறிந்தால் அந்த வார்த்தையின் கனம் விளங்கும். ஹாயோஷ் என்பது அவர் பின்னால் சூட்டிக்கொண்ட பெயர். ஹங்கேரிய மொழியில் அதற்கு மாலுமி என்று பொருள். வெற்றியோடு ஊர் திரும்பிய அவரிடம், அவர் கட்டடக் கலை பயின்ற கல்லூரியின் தலைவர், பதக்கங்களில் தமக்குச் சிரத்தை இல்லை என்றும், அடுத்த பரீட்சையில் அவர் என்ன விடை தருவார் என்பதை அறியவே ஆவல் என்றும் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது.

தேகத்தின் சாமர்த்தியம் ஒரு பக்கம், சிருஷ்டியின் சாமர்த்தியம் மற்றொரு பக்கம் என்று அந்தப் பெரியவர் கோடு கிழித்துவிட்டார். அக்கோட்டை அழிக்க விரும்பியவர், நவீன ஒலிம்பிக் பந்தயங்களை ஸ்தாபித்த பியேர் த கூபெர்த்தின். 1906-இல் பாரிஸ் நகரில் அவர் கூட்டிய மகாநாட்டில், கட்டடக் கலை, இலக்கியம், சங்கீதம், ஓவியம், சிற்பம் என்ற ஐந்துக்கும் ஒலிம்பிக்கில் போட்டி நடத்த வேண்டும் என்ற யோசனை பிறந்தது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் அது நிறைவேறியது. புராதன கிரேக்கத்தில் பிண்டார் போன்ற கவிகள் வென்றவர்களைப் பாடினார்கள் என்பது அவருடைய ஆதர்சம். ஆனால் யாழுக்கும் குழலுக்கும் போட்டி வைத்துப் பரிசு தந்த பெருமை டெல்பித் திருவிழாவையே சாரும். ஆகவே கூபெர்த்தினுடைய கனவில் ஒலிம்பியாவைவிட டெல்பியின் சாயலே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டாக்ஹோமில் நடந்த அந்த முதற்போட்டியில் இலக்கியத்துக்கான தங்கப் பதக்கம் பெற்றது விளையாட்டைப் போற்றும் ஒரு கவிதை. இரண்டு புனைபெயர்களுக்குள் மறைந்து நின்று அதை எழுதியவர் கூபெர்த்தினே. அதே வருஷம், வால்டர் வினான்ஸ் என்ற அமெரிக்கர், குதிரையின் ஓட்டத்தை வடித்த சிற்பத்துக்குத் தங்கமும், துப்பாக்கி சுடுவதில் வெள்ளியும் அடைந்தார்.

போட்டிக்கு வரும் படைப்பு எதுவாயினும், அது விளையாட்டைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். எனக்கு அந்த விதியிலேதான் குறை தென்படுகிறது. கலை ஏதோ வெற்றி வீரனுக்கு மாலை தொடுக்க வெளியிலிருந்து வருவதுபோலவும், விளையாட்டினுள்ளே அதற்கு இருப்பிடம் இல்லாததுபோலவும் அல்லவா அது கருதிவிட்டது? நம்முடைய பாஷையோ அத்தகைய பேதத்தை அறியாது; பந்தாட்டமும் ஆட்டம், கரகாட்டமும் ஆட்டம், ஆற்றில் குளிப்பதுகூட நீராட்டம். ஓடுகிறவன் அழகை நாடி ஓடுவதில்லை. எல்லைக் கோட்டை நாடியே ஓடுகிறான். ஆயினும் வேண்டாத அசைவு ஒவ்வொன்றாக உதிர்ந்துபோக, எஞ்சி நிற்கும் அசைவிலே சௌந்தரியம் தானே வந்து குடியேறுகிறது. மைரன் என்ற கிரேக்கச் சிற்பி வட்டெறிபவனை வார்த்தபோது கண்டுகொண்டது இதைத்தான்: கை பின்னே முழுதும் சென்று, முன்னே திரும்ப இன்னும் தொடங்காத அந்த ஒரு க்ஷணம். எறிந்தவன் பெயரை நாம் அறியோம். வட்டு எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் அறியோம். மைரன் வார்த்த வெண்கலமே மறைந்து, ரோமானியர் செய்த சலவைக்கல் பிரதிகளே மிஞ்சியிருக்கின்றன. ஆனாலும் அந்தக் க்ஷணம் அழியவில்லை.

1924-இல் பாரிஸில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஜாக் யேட்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் ஓவியம் இன்னொரு ரகசியத்தைத் தொட்டது. டப்ளின் நகரத்து லிஃபி நதியில் நடந்த நீச்சல் பந்தயம் அதன் விஷயம். ஆனால் நீந்துகிறவர்கள் நடு ஆற்றில் சிறிதாகவே தெரிகிறார்கள். நம் கண்ணுக்கு நேரே நிற்பது, கரையில் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் ஜனக்கூட்டம். நாமும் அந்த முதுகுகளுக்குப் பின்னே நின்று, தலைகளுக்கு இடையே ஆற்றைத் தேடுகிறோம். பார்க்கிறவனுடைய ஆவலிலேதான் ஆட்டமும் கலையும் ஒன்றாகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் எனக்குச் சொன்னதில்லை. சுதந்திர அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமும் இதுவே. அவ்வருஷம் சங்கீதத்துக்கோ ஒரு பதக்கமும் இல்லை. ஸ்ட்ராவின்ஸ்கி, ராவேல், பார்டோக் ஆகிய சங்கீத மேதைகள் அமர்ந்திருந்த நடுவர் சபை, எதையும் பரிசுக்கு உரியதாக ஏற்கவில்லை.

கலைக்குப் பதக்கம் தரும் வழக்கம் 1948-ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கோடு நின்றுபோயிற்று. அங்கே ஜான் காப்லி என்ற முதியவர் எழுபத்து மூன்றாம் வயதில் வெள்ளி பெற்றார். மறு வருஷம் ரோமாபுரியில் ஒலிம்பிக் சபை கூடியபோது, கலைஞர்கள் தங்கள் கலையாலே ஜீவனம் நடத்துகிறவர்கள், ஒலிம்பிக்கோ ஊதியம் கருதாதவர்களுக்கு உரியது என்று காரணம் காட்டப்பட்டது. வயிற்றுப்பாட்டைக் கொண்டு கலையை அளந்த அந்த நியாயத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

பரீட்சைக்குப் பதில் கேட்கப்பட்ட அந்த மாணவரோ 1924-ஆம் வருஷத்திலேயே தம் பதிலைக் கொடுத்துவிட்டார். தெஷோ லாவுபெர் என்பவரோடு சேர்ந்து ஹாயோஷ் வரைந்த விளையாட்டரங்கின் திட்டம், கட்டடக் கலையில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தங்கம் அவ்வாண்டு யாருக்கும் வழங்கப்படவில்லை. பின்னர், 1930-இல், புடாபெஸ்ட் நகரில் டான்யூபின் நடுவே உள்ள மார்கித் தீவிலே, கூரை வேய்ந்த ஒரு நீச்சற்குளத்தை அவர் நிர்மாணித்தார். வெளியே, தகப்பனாரைக் கொண்டுபோன அதே நதி ஓடுகிறது. உள்ளே, அலையும் குளிர்காற்றும் தீண்டாத நீரில் பிள்ளைகள் நீந்தக் கற்கிறார்கள். அந்த இடத்துக்கு இன்று அவருடைய பெயர்.