படுத்தால் மூச்சு முட்டும் பிள்ளை: பம்பாய் வந்த கைவைத்தியத்தின் கதை

பிள்ளைப் பிணி வைத்தியம் தமிழில் ஒரு தனித்துறை. பாலவாகடம் என்று அதற்கென்றே நூல் உண்டு. மாந்தம், கணம், தோடம் என்று வகை பிரித்து, குணம் சொல்லி, கியாழமும் எண்ணெயும் சொல்லும். ஆனால் மூக்கடைத்து, மார்பில் சளி கட்டி, படுக்க வைத்தால் வீல் என்று அலறும் கைக்குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் செய்த வைத்தியம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. புள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பேரும் இல்லை, சுலோகமும் இல்லை.

அது ஏன் பலித்தது என்பதை இன்றைய மருத்துவம் சொல்கிறது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். வாயால் விட அதற்குச் சரியாகத் தெரியாது. மூக்குத் துளையோ கடுகளவு. படுக்க வைத்தால் மூக்கின் உட்சவ்வில் ரத்தம் சேர்ந்து வீங்கும், சளியும் தேங்கும். நிமிர்த்திப் பிடித்தால் கொஞ்சம் வழி திறக்கும். பால் குடிக்கும்போதும் இதே பாடு. மூச்சு விடுவதா, பால் உறிஞ்சுவதா என்று திணறி, இரண்டு வாய் குடித்துவிட்டு அழும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். நம்ம ஆயாக்களும் அதைத்தான் சொன்னார்கள்.

இந்த வைத்தியத்துக்கு வேண்டிய சரக்கு ஒன்றே ஒன்று. அது கை. ராத்திரி பத்து மணிக்கு அம்மா தூக்குவாள், ஒரு மணிக்கு ஆயா வாங்கிக்கொள்வாள், நாலு மணிக்கு அத்தை. வந்தவாசி, ஆரணி பக்கத்துக் கூட்டு வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. ரயிலேறி தாதரில் இறங்கிய குடும்பத்தில் அந்தக் கைகள் ஏது? ஒற்றை அறை, புருஷன், பெஞ்சாதி, ஒரு பிள்ளை, ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை ஓயாத மழை, காயாத துணி. என் கருத்து இதுதான்: கை குறைந்த இடத்தில்தான் தூங்க வைக்கும் மருந்து புகுந்தது. பம்பாயின் சரித்திரத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

பம்பாய் மில்களில் வேலை செய்த பெண்கள் 'பாலகோலி' என்ற சிறு உருண்டையைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். அதில் இருந்தது அபின். மில்லில் நம்மவர் குறைவு, கொங்கணத்துப் பெண்களும் தக்காணத்துப் பெண்களுமே அதிகம். ஆனாலும் இது இந்த ஊரின் கதை. 1931-ல் வெளிவந்த தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கை இந்தப் பழக்கத்தைக் கண்டித்து எழுதியிருக்கிறது. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆனால் அபின் இருமலையும் மூச்சையும் சேர்த்தே அடக்கும். சளி கட்டிய பிள்ளை அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம்.

நம்முடைய உரை மருந்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றை அவித்துக் காயவைத்து, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவது நம் வழக்கம். பக்கத்து வீட்டு மராட்டியப் பெண் 'பாளகுட்டி' என்று அதையேதான் செய்கிறாள். கல்லுக்கு அவள் சஹாண் என்பாள், வசம்புக்கு வேகண்ட் என்பாள். இரண்டு ஊர்ப் பாட்டிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல் இருக்கும் இந்த ஒற்றுமையை எண்ணி நான் மகிழ்ந்ததுண்டு. மாட்டுங்காவில் கடை வைத்து நானே இந்தச் சரக்கை எடை போட்டு விற்றவன். ஆனால் ஜாதிக்காய் மயக்கம் தருவது. வசம்பு அளவு மிஞ்சினால் வாந்தி எடுக்க வைப்பது. வசம்பு எண்ணெயை உணவில் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்கா 1968-லேயே தடுத்துவிட்டது. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர் இருந்தால் என்ன? தூங்கிவிட்டது என்பதால் சளி குறைந்துவிட்டது என்று ஆகாது. அலறுகிற பிள்ளை மூச்சு முட்டுகிறது என்று சொல்கிறது. மயங்கிய பிள்ளை அதைச் சொல்வதில்லை.

தேன் விஷயம் வேறு. சித்த வைத்தியத்தில் சூரணம் எதுவானாலும் தேனில் குழைத்துக் கொடுப்பது பெரும்பான்மை. சமணர்களாகிய நாங்கள் தேன் தொடுவதில்லை. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்ற நான்கு தானங்களில் மருந்து தானமும் ஒன்று என்றாலும், அந்த மருந்தில் மதுவும் மாமிசமும் தேனும் கூடா. ராஷ்டிரகூட மன்னன் அமோகவருஷன் காலத்து (ஒன்பதாம் நூற்றாண்டு) உக்கிராதித்தர் எழுதிய கல்யாணகாரகம் என்ற வடமொழி வைத்திய நூல் இந்த நெறிப்படியே செய்யப்பட்டது. அது 1940-ல் நம்ம மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் அச்சேறியது. தேனீயின் உயிருக்கு அஞ்சி விலக்கினார்களே தவிர, குழந்தைக்கு ஆகாது என்று அல்ல. ஆயினும் 1976-ல் கலிபோர்னியாவில் கைக்குழந்தைகளின் பாட்டுலிசம் என்ற நோயைக் கண்டறிந்தார்கள். நரம்பு தளர்ந்து மூச்சு நிற்கும் நோய் அது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்தே அதற்கு ஒரு காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்பது இன்று உலகம் முழுதும் மருத்துவர் சொல்வது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் ஒரு விரதத்தால் தப்பினார்கள். சேனை தொட்டு வைக்கும் வீட்டாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூக்கில் எண்ணெய் விடுவது இன்னொன்று. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் மூக்கு, காது எல்லாவற்றிலும் இரண்டு சொட்டு விடுவது நம் பெருமை. அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி அழற்சி உண்டாக்குவதைத் தென்னிந்தியக் குழந்தைகளிடமே கண்டு, 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவதும் அப்படியே. 1893-ல் இதே பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனத்தை நாம் சொந்தப் பிள்ளைபோல் கொண்டாடுகிறோம். தலைவலிக்கு எனக்கும் அதுதான். ஆனால் கற்பூரத் தைலம் எதுவும் இரண்டு வயதுக்குக் கீழ் ஆகாது, வலிப்பு வரும். சாம்பிராணிப் புகை, ஓமமும் பூண்டுத் தோலும் போட்ட மராட்டிய 'துரி' இரண்டுமே அடைத்த மூக்குக்கு மேலும் எரிச்சல்தான்.

அப்படியானால் எப்படித்தான் தூங்க வைப்பது? மேல்நாட்டாரும் இதில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்களே. 1950-களிலிருந்து குழந்தையைக் குப்புறப் போடச் சொல்லி வந்தார்கள். அதனால் தூக்கத்திலேயே சாவு கூடுகிறது என்று தெரிந்தது. 1991-ல் பிரிட்டனிலும், 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் மாற்றிச் சொல்லின. மல்லாக்கப் படுக்க வைக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் பிரிட்டனில் அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே போயின. சளி பிடித்த பிள்ளைக்கும் விதி இதே: கெட்டியான, சமமான படுக்கை, மல்லாக்க, தலையணை கிடையாது. நம் ஏணையில் சின்னக் குழந்தையின் முகவாய் மார்பில் இடித்து மூச்சு தடைபடலாம். மூக்கில் மருந்துக் கடை உப்புநீர்ச் சொட்டு விட்டு, சளியை எடுத்து, பால் கொடுத்து, தோளில் நிமிர்த்தி வைத்து, தூங்கியதும் கீழே விட வேண்டும். தோளில் வைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். சோபாவில் சாய்ந்து, பிள்ளை மார்பில் கிடக்க, களைத்த தகப்பனும் கண்ணயர்ந்தால் ஆபத்து. பழைய வீட்டில் மூன்று பெண்கள் முறை வைத்துத் தூக்கியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. இன்றைய பிளாட்டில் புருஷனும் பெஞ்சாதியும் மணி பிரித்துக்கொள்வதே வழி. ஊரிலிருந்து பாட்டி வந்தால், வசம்பு வளையலைவிட அவர் விழித்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் பெரிய சீர்.

பாலகோலி போய் சிரப் வந்தது. 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாதென்று அட்டையில் அச்சிட உத்தரவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் சிரப்பால் இறந்தனர். அதில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் என்று படித்தபோது நெஞ்சு அடைத்தது. இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவித்தது.

சாதாரணச் சளி சில நாளில் தானே இறங்கும். எது சாதாரணம் இல்லை என்று அறிய, பப்புவா நியூ கினியில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்ற மருத்துவர் 1980-களில் எளிய வழி காட்டினார்; உலக சுகாதார நிறுவனமும் அவ்வழியே சென்றது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரம் பார்த்து, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலும் தாண்டினாலும், விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், இரண்டு மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.