சுவாபியக் கூட்டணி

சுவாபியக் கூட்டணி என்பது தென் ஜெர்மனியில் அமைதி காக்கவும் வழிப்பறியை ஒடுக்கவும் பிரபுக்களும் புனித ரோமப் பேரரசின் தன்னாட்சி நகரங்களும் 1488-இல் எஸ்லிங்கனில் உருவாக்கிய உடன்படிக்கை அமைப்பு. பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் இதற்குத் துணைநின்றார். புனித ஜார்ஜ் கேடயச் சங்கம் என்ற சிறுபிரபுக்களின் பழைய அமைப்பும் இதில் இணைந்தது.

அக்காலத்தில் பகையை முறைப்படி அறிவித்துவிட்டுப் போர் தொடுப்பது பிரபுக்களின் உரிமையாகக் கருதப்பட்டது. அந்த உரிமையின் பெயரில் வணிகர்கள் கடத்தப்பட்டனர், பணயத்தொகை பறிக்கப்பட்டது. 1495-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசின் பேரவை இத்தகைய தனிப்பகைப் போரை அடியோடு தடைசெய்தது. ஆனால், தடையை நிறைவேற்றப் பேரரசிடம் நிலைப்படை இல்லை. தென்பகுதியில் அக்குறையைப் பெருமளவு தீர்த்தது இக்கூட்டணியே. உறுப்பினர் மன்றம், நீதிமன்றம், பொதுப்படை ஆகியவை இதற்கு இருந்தன.

1499-இல் கூட்டணி சுவிஸ் கூட்டமைப்பிடம் தோற்றது. 1519-இல் ராய்ட்லிங்கன் நகரைக் கைப்பற்றிய வூர்ட்டம்பர்க் கோமகன் உல்ரிச்சை நாட்டைவிட்டே விரட்டியது.

பிடிபட்டவர்களின் கைகளைத் துண்டித்த கொடிய வழிப்பறிப் பிரபு ஹான்ஸ் தோமஸ் ஃபான் ஆப்ஸ்பெர்க். அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் எதிராகக் கூட்டணி 1523-இல் ஃபிராங்கோனியாவில் படை நடத்தி, 23 கோட்டைகளை அழித்தது.

இதே படை 1525-இல் உழவர் எழுச்சியை இரத்தத்தில் மூழ்கடித்தது. இது கூட்டணியின் மாறாத களங்கம். சமயப் பிளவு உறுப்பினர்களைப் பிரிக்க, 1534-இல் கூட்டணி கலைந்தது.