ஸ்டென்சிலில் விழுந்த பிழை



பள்ளியில் கேள்வித்தாளை சைக்ளோஸ்டைல் எடுத்த காலம் நினைவிருக்கிறதா? ஸ்டென்சிலில் ஓர் எழுத்து தப்பினால் ஐந்நூறு தாளிலும் தப்பும். அதனால் முதல் தாளை வரிவரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் மீதியை ஓட்டுவோம். கம்ப்யூட்டர் உலகமும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. அந்த வரலாற்றில் நம் தாம்பரம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

தாம்பரத்தில் மெப்ஸ் வளாகம் 1984இல் வந்தது. 2000 வாக்கில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பிக்கு அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "இருநூறு மெஷின் சார். ஒவ்வொண்ணுக்கும் சிடியைத் தூக்கிட்டு நடக்கணும்" என்பார். பிரிண்டர், மானிட்டர் போன்றவற்றோடு கம்ப்யூட்டரைப் பேச வைக்கும் சிறு நிரல்தான் டிரைவர். சுவிட்ச் போட்டதும் மெஷினை எழுப்பிவிடும், சிப்புக்குள்ளேயே இருக்கும் நிரல் ஃபர்ம்வேர். அதை மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால் மெஷின் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் பல கம்ப்யூட்டர்களில் இந்த ஃபர்ம்வேரையே அழித்தது.

நடந்து நடந்து போடுவதில் இன்னொரு ஆபத்து, தாமதம். 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களை ஆகஸ்ட் 11 முதல் 'பிளாஸ்டர்' தாக்கியது. இடையில் 26 நாள் இருந்தது. மருந்தும் கையில் இருந்தது. ஆனால் எல்லா மெஷினுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. அந்த அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துத் திருத்தங்கள் வரத் தொடங்கின. ஓரிடத்திலிருந்து எல்லா மெஷினுக்கும் அனுப்பும் மென்பொருள்களும் பரவின.

அவற்றில் ஒன்று நம் ஆட்கள் செய்தது. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி அருகே அவர்களுடைய பெரிய வளாகம் இருக்கிறது. அவர்களுடைய 'டெஸ்க்டாப் சென்ட்ரல்' (இன்று 'எண்ட்பாயின்ட் சென்ட்ரல்') ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே புதுப்பிக்கும். முதலில் ஒரு சிறு குழுவில் போட்டுச் சோதித்து, சரியென்றால் மட்டும் மற்றவற்றுக்கு அனுப்பும் வசதியும் அதில் உண்டு. அதுதான் நம் முதல் தாள்!

அந்த முதல் தாளைப் பார்க்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? 2024 ஜூலை 19, நம் நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் டிரைவர் படிக்கும் ஒரு சிறு கோப்பை ஒரே வீச்சில் எல்லோருக்கும் அனுப்பியது. அதில் பிழை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். படுத்த மெஷின்களில் பலவற்றை ஒவ்வொன்றாகப் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இருபது வருடம் கழித்து, பழையபடி நடை!

அன்று மாலை எதிர்வீட்டுத் தம்பி வந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. "எங்க கம்பெனியில அந்த சாஃப்ட்வேர் இல்ல சார், தப்பிச்சோம். ஆனா நான் எதையுமே முதல்ல பத்து மெஷின்லதான் போடுவேன். ஒரு வாரம் பார்ப்பேன். சீக்கிரம் முடின்னு மேலதிகாரி திட்டினாலும் சரி" என்றார்.

நான் சைக்ளோஸ்டைல் கதையைச் சொன்னேன். சிரித்தார். வேகமாக ஓட்ட இயந்திரம் போதும். நிறுத்தி முதல் தாளைப் படிக்க ஒரு மனிதர் வேண்டும். அவரைத் திட்டாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால், நாளைக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.