ஆறில்லா ஊரும் மூன்று மாத மழையும்

மிசன் பாடசாலையிலே நாம் படித்த சரித்திரப் புத்தகம் நைல் நதியில் ஆரம்பித்தது. பின்னர் யூப்பிரத்தீசு, சிந்து, கங்கை என ஆறாறாய் நடந்தது. நாகரிகம் ஆற்றங்கரையிற் பிறந்தது என்று எழுதினாற் புள்ளி கிடைக்கும்; நானும் எழுதிப் பெற்றிருக்கிறேன். எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியிலே கண்டவையெல்லாம் கிணறுகள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனுமில்லை. மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கியாறு அப்பெயரை எப்படியோ சுமந்து நிற்கிறது. அங்ஙனமாயின் இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் இங்கு நெருங்கி வாழ்ந்தது எவ்வாறு? காற்றையும் கல்லையும் கொண்டே இதனை விளக்க வேண்டும்.

வைகாசி முதற் புரட்டாதி வரை வீசுவது சோளகம். அது மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்களிடம் வருகிறது. புழுதியைத் தவிர வேறொன்றும் தருவதில்லை. ஐப்பசியிலே காற்றுத் திரும்பும். பின் வாடை. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெறுகிறோம். அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே விழுந்து தீர்ந்துவிடுகிறது. இலண்டன் மாநகர் பெறுவதிலும் இது இருமடங்கு என்றாற் பலர் நம்பமாட்டார்கள். எங்கள் குறை மழையின் அளவிலன்று. அது வந்து போகும் அவசரத்திலே இருக்கிறது.

இந்த அவசரத்திற்கேற்பவே எங்கள் முன்னோர் வருடத்தை வகுத்துக்கொண்டார்கள். மழைக்கு முன் புழுதியில் நெல் விதைத்து, தை மாசியில் அறுத்தார்கள். தைப்பூசத்திற் புதிரெடுப்பது அதனாலேதான். மழை ஓய, தோட்டத் தறைகளிலே கிணற்று நீரை நம்பிப் புகையிலை நட்டார்கள். ஒல்லாந்தர் காலத்திலே அப்புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் சென்று பணமாகத் திரும்பியது. ஆவணி புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் இட்டால், அதே மாரி மழை அதனைக் கிழங்காக்கிவிடும். கிழங்கு ஒடியலாயிற்று; ஒடியல் அடுத்த கோடைக்குக் கூழாயிற்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுதித் தொகுப்பித்த தேசவழமையிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். ஒற்றி வைத்த காணியை மீட்கும் காலம் எல்லாக் காணிக்கும் ஒன்றன்று; அதிலுள்ள பயிரின் அறுவடையைப் பார்த்தே நிருணயிக்கப்பட்டது. சட்டமும் மழைக்குக் காத்திருந்தது.

இனிக் கல். எங்கள் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி அடியிலே தங்குகிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே கடல் நீர் புகுந்திருக்கிறது. பாரங் குறைந்த நன்னீர் பாரங் கூடிய உப்பு நீரின்மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனாலேயே. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. மேலே ஓர் அடி குறையக் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறி வரும்.

எங்கள் முன்னோர் இக்கணக்கை அறிந்திருந்தார்களோ நானறியேன். ஆனால் அவர்களுடைய துலா அதனை மீறவில்லை. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து ஊற்ற, ஒருவர் வாய்க்காலிலே தண்ணீர் மாறுவார். மனிதன் களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். இரவிலே கிணறு ஊறிவிடும். பங்குக் கிணறாயின் அவரவர் முறைநாள் வரவேண்டும். காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் இன்றும் எழுதப்படுகின்றன.

1950களுக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. அதனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. துலா மிதித்தவரின் முழங்காலை நான் பார்த்திருக்கிறேன். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. கல் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். அவ்வாறு படித்த ஒருவரின் மகன்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இயந்திரத்திற்குக் களைப்பில்லை. பூவரசங்குழை தாட்ட தறைகளிலே உரமூட்டைகள் அவிழ்ந்தன. மிஞ்சிய உரம் மழையோடு கிணற்றுக்கே இறங்கியது. இன்று பல கிணறுகளின் நீரிலே நைத்திரேற்று அளவுக்கு மேல் உண்டு, கரையோரத்திலே உப்பு. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதாகி இயந்திரங்கள் ஓய்ந்தபோது எங்கள் கிணறு நிரம்பி நின்றதாம். "கிணறு பட்டைக்குப் பயப்படாது தம்பி, மிசினுக்குத்தான் பயம்" என்பார் அப்பு.

மழையைத் தேக்கும் வழியை நாம் அறியாதவர்களல்லர். குடாநாட்டிலே ஏறக்குறைய ஆயிரம் சிறு குளங்கள் உண்டு. கோயிலுக்கொரு கேணி, மாட்டிற்கொரு ஆவுரஞ்சிக்கல் என வைத்தவர்கள் எங்கள் ஊரவர்களே. அக்குளங்களிற் பல தூர்ந்தன. சில குப்பையால் நிரப்பப்பட்டன. 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம், கனகராயன் ஆறு விழும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார். யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு! தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணைகள் எழுந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் சில நாட்களுக்குள்ளே 500 மில்லிமீற்றருக்கு மேல் மழையைக் கொட்டியது. எங்கள் ஒழுங்கையிலே இடுப்பளவு வெள்ளம். அவ்வெள்ளம் போகும் வழியிலே ஒரு குளம் இருந்ததென்று அப்பு காட்டிய இடத்தில் இப்போது மதிலும் கேற்றும் நிற்கின்றன.

சென்ற ஆடியிலே பல்கலைக்கழக விடுமுறைக்கு வீடு சென்றிருந்தேன். அம்மா தேநீர் தந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டீர்களோ என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சோளகம் முடியுமட்டும் குடிதண்ணீருக்கு அயலூர்க் கிணற்றுக்குச் சைக்கிளிற் போய்வந்தேன்.