தவறிய மேமோகிராமும் தாமதித்த நோயறிதலும்: கொரோனா காலத்து மார்பகப் புற்றுநோயை இந்தியாவில் எப்படி அளப்பது?

2020 மார்ச் 16 அன்று நெதர்லாந்து தன் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டத்தை நிறுத்தியது. 50 முதல் 75 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைப்பு அனுப்பி மேமோகிராம் எடுக்கும் திட்டம் அது. அமெரிக்காவில், வருவாய் குறைந்த, காப்பீடு இல்லாத பெண்களுக்கென உள்ள அரசுத் திட்டத்தில் 2020 ஏப்ரலில் நடந்த மார்பகப் பரிசோதனைகள், முந்தைய ஐந்தாண்டுகளின் ஏப்ரல் சராசரியைவிட 87 விழுக்காடு குறைந்தன. இத்தகைய எண்களைக் கண்டு பதறிய ஆய்வுலகம், எத்தனை மேமோகிராம்கள் தவறின, அதனால் எத்தனை உயிர்கள் போகும் என்று கணக்கிடத் தொடங்கியது. அந்தக் கேள்வியை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் இழப்பின் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோய்க்குறி ஏதும் இல்லாத பெண்ணிடம் நோயைத் தேடுவது முன்கண்டறிதல். கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் சுருக்கமோ கண்டு வந்தவருக்கு என்ன நோய் என்று உறுதிசெய்வது நோயறிதல். பெருந்தொற்று இரண்டையும் தாக்கியது. ஆனால் ஒரே அளவு சேதத்தை விளைவிக்கவில்லை. முன்கண்டறிதல் வேரூன்றிய அமெரிக்காவிலேயே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 2030க்குள் பெருந்தொற்றின் விளைவாக அங்கே மார்பகப் புற்றுநோயால் கூடுதலாக நிகழக்கூடிய இறப்புகள் 2,487 என்று மாதிரிக் கணிப்பு ஒன்று மதிப்பிட்டது. அவற்றுள் குறைந்துபோன முன்கண்டறிதலால் நேர்வன 950. அறிகுறி தோன்றியும் தாமதமாகக் கண்டறியப்பட்டதால் நேர்வன 1,314. மேமோகிராம் பரவலாகக் கிடைக்கும் நாட்டிலேயே தராசுத் தட்டு நோயறிதலின் பக்கம் தாழ்கிறது. முன்கண்டறிதலே அரிதான நாட்டில் அது எந்த அளவுக்குத் தாழும்?

இந்தியாவில் அது எவ்வளவு அரிது என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) காட்டுகிறது. 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதிலும் 0.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 5.6 விழுக்காடு, அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் நூற்றில் தொண்ணூற்று நான்கு பெண்களை அது தொடவில்லை. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் கையால் மார்பகத்தைச் சோதிக்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2016இல் நெறிமுறை வகுத்தது. நடைமுறை அதற்கு வெகுதொலைவில் நின்றது. ஆக, 2020இல் இந்தியாவில் மதிப்பிடப்பட்ட சுமார் 1,78,000 புதிய மார்பகப் புற்றுநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ தாமே ஒரு கட்டியைத் தடவி அறிந்தவர்களாகத்தான் இருக்க முடியும்.

அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததைப் பற்றி யாரிடம் சொல்வது? சில வாரங்கள் அப்படியே கழிகின்றன. பிறகு அக்காளிடமோ மகளிடமோ சொல்லி, பக்கத்து மருத்துவரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசி மூலம் திசு எடுத்து, அந்தத் திசுவில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் உண்டா என்று சோதித்த பிறகே சிகிச்சை தொடங்க முடியும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பயணம், ஒரு துணை, ஒரு நாள் கூலி இழப்பு. சாதாரண காலத்திலேயே மாதங்களை விழுங்கும் பாதை இது. 2020 மார்ச் இறுதியில் பயணிகள் ரயிலும் பேருந்தும் நின்றபோது இதன் ஒவ்வொரு படியும் தனித்தனியே அறுந்தது. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக ஆகஸ்ட் இறுதிவரை இ-பாஸ் வேண்டியிருந்தது. தொலைபேசி வழி ஆலோசனை பல நோய்களுக்குக் கைகொடுத்தது. கட்டியைத் தொட்டுப் பார்க்க அதனால் இயலாது.

தேசியப் புற்றுநோய் வலையமைப்பைச் சேர்ந்த 41 மருத்துவமனைகள் 2020 மார்ச் முதல் மே வரையான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டன. எல்லாப் புற்றுநோய்களுக்குமான கணக்கு இது என்றாலும் நம் கேள்விக்கு இதைவிட நெருங்கிய சான்று குறைவு. புதிய நோயாளிகளின் பதிவு 1,12,270இலிருந்து 51,760ஆக, 54 விழுக்காடு சரிந்தது. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 விழுக்காடு குறைந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோர் எண்ணிக்கையோ 23 விழுக்காடு மட்டுமே குறைந்தது. 54க்கும் 23க்கும் இடையிலுள்ள தூரம்தான் முக்கியம். கதிர்வீச்சுக்கு வருபவர் முன்பே நோய் உறுதியானவர்; கையில் சீட்டும், தேதியும், தன்னைத் தேடக்கூடிய ஒரு மருத்துவக் குழுவும் உள்ளவர். இன்னும் பெயர் பதியாதவரைத் தேட யாருமில்லை. மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டவர்களைச் செவிலியரும் மருத்துவரும் பெரும்பாடுபட்டுக் காத்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

சரிவு பெருநகர மையங்களிலேயே அதிகம் என்பதும் அதே ஆய்வின் முடிவு. மும்பை டாடா மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், வேலூர் சிஎம்சியும் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமான மருத்துவமனைகள் அல்ல. இரண்டு நாள் ரயிலேறி வருபவர்களை நம்பி வளர்ந்தவை, அவர்களும் இவற்றையே நம்பியிருப்பவர்கள். சிகிச்சையைச் சில நகரங்களில் குவித்துவைத்த அமைப்பின் விலையைத் தொலைவில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மேமோகிராம் கண்டுபிடிக்கும் புற்றுகளில் ஒரு பகுதி வாழ்நாள் முழுவதும் தொல்லையே தராதவை. எனவே சில மாத இடைநிறுத்தம் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்திருக்கும் என்பர். 2020 வசந்தகாலத்தில் நெதர்லாந்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுகள் குறைந்தபோதும் நான்காம் நிலைப் புற்றின் எண்ணிக்கை குறையாமல் நின்றது இவ்வாதத்துக்கு ஓரளவு இடம் தருகிறது. முன்கண்டறிதலைச் சில மாதம் தள்ளிவைத்தது தவறில்லை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இந்த ஆறுதல் கையில் தட்டுப்படாத சிறு புற்றுகளுக்கே பொருந்தும். கட்டி தட்டுப்பட்டு வந்த பெண்ணுக்கு இது பொருந்தாது. நோய் உறுதியான பின் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் சுமார் 8 விழுக்காடு கூடுகிறது என்று 2020 நவம்பரில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. உறுதியாவதற்கு முன் கழியும் வாரங்கள் அதற்கு மேலும் சேர்பவை. முன்கண்டறிதலையும் நோயறிதலையும் ‘அவசரமற்ற சேவை’ என்ற ஒரே பட்டியலில் இட்டதே பிழை.

எண்களைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஊரடங்குக்குப் பின் வந்தவர்களில் முற்றிய நிலையினரின் விழுக்காடு கூடியது என்ற செய்தியை மட்டும் வைத்து நோய் முற்றியதாகச் சொல்லிவிட முடியாது. புண்ணாகி, வலி தாங்காமல் வருபவர் எப்படியும் வருவார். சிறு கட்டியுள்ளவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அப்போது யாருக்கும் நோய் வளராமலே விழுக்காடு உயரும். முற்றிய நிலையினரின் எண்ணிக்கையே அடுத்தடுத்த ஆண்டுகளில் உயர்ந்ததா என்று மக்கள்தொகைப் பதிவேடுகளில்தான் பார்க்க வேண்டும். சென்னைக்கு 1980களிலிருந்தே அப்படியொரு பதிவேடு இருப்பது நமக்குக் கிடைத்த பேறு.

இந்தியாவுக்கு ஏற்ற முன்கண்டறிதல் எது என்பதற்கு விடையும் பெருந்தொற்றின் நடுவிலேயே, 2021 பிப்ரவரியில் வந்தது. மும்பையில் 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களை இருபதாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்த குழுவில் மூன்றாம், நான்காம் நிலைப் புற்றுகள் 37 விழுக்காடு. சோதிக்காத குழுவில் 47. ஐம்பது வயதைக் கடந்தோரில் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 விழுக்காடுதான், அதுவும் புள்ளியியல்படி உறுதியானதன்று. இங்கே கருவி மனிதக் கை. அந்தக் கைகளைத்தான் பெருந்தொற்று எடுத்துக்கொண்டது: கிராம சுகாதாரச் செவிலியர்களும் களப்பணியாளர்களும் காய்ச்சல் முகாமுக்கும் பிறகு தடுப்பூசி முகாமுக்கும் போனார்கள். தடுப்பூசியும் தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைச் சேர்த்தது. ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டியது மேமோகிராமில் புற்றின் பரவலைப் போலத் தெரிந்ததால், படமெடுப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுமாறு அமெரிக்க மார்பகப் படவியல் சங்கம் 2021இல் அறிவுறுத்தி, மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது.

அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில் மார்பகத்தில் கட்டியோடு வரும் பெண்ணைப் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு இணையாக வைக்க வேண்டும்: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே தொற்றுப் பிரிவிலிருந்து ஒதுங்கிய ஓர் அறை, ஒரு ஸ்கேன், திசு எடுக்கத் தெரிந்த ஒருவர், மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டி. நோயாளி பயணிக்க முடியாதபோது திசு பயணிக்கலாம். 2020இல் கேரளம் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் நோயாளிகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே கீமோ சிகிச்சை தர ஏற்பாடு செய்தது. நோயறிதலுக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் போகும் பெண், “மார்பில் கட்டி ஏதும் தட்டுப்படுதாம்மா?” என்று கேட்டு, ஆம் என்றால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள முடியும். கட்டி முதலில் தெரிந்த நாள், திசு எடுத்த நாள் என்ற இரண்டு கட்டங்கள் நோயாளிப் படிவத்திலும் பதிவேட்டிலும் இருந்தால், பெருந்தொற்று அவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை வாரங்களைச் சேர்த்தது என்று மாவட்டம் மாவட்டமாகச் சொல்லிவிடலாம்.