கரைமணலும் நோயின் கணக்கும்

நாடி பிடித்து ஒருவருடைய நோயை அறியலாம். அந்நோய் எதனால் வந்தது என்று துணிய, அவர் ஒருவரைப் பார்த்தல் போதாது. அவரை ஒத்த பலரை எண்ணி ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை உணர்ந்தவர் அறிஞர் அர்-ராஸீ (கி.பி. 865–925). ரய், பக்தாத் நகரங்களின் மருத்துவமனைகளுக்குத் தலைவராக விளங்கிய அப்பெருந்தகை, மூளைக் காய்ச்சலின் அறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கினார். மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே வாங்காது விட்டு, விளைவை ஒப்பிட்டார். இக்குறிப்பு அவருடைய ‘அல்-ஹாவீ’யில் உள்ளது. அச்சிகிச்சையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஒப்பிட்டு அறியும் நெறியோ நிலைத்துவிட்டது.

அந்நெறி இன்று நம் வாசலிலேயே வேண்டப்படுகிறது. குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடைப்பட்டது இனயம். இக்கடற்கரை மணலில் மோனசைட் கலந்துள்ளது. 1909ஆம் ஆண்டில் மணவாளக்குறிச்சி மணலில் இதனை இனங்கண்டவர் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர். அந்நாளில் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் இதிலிருந்து கிடைத்தது. தோரியம் கதிர்வீச்சு உடையது. ஆதலால், இக்கரையில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், மணலே காரணம் என்பார் சிலர். மணலால் தீங்கே இல்லை என்பார் சிலர். இனயம் புத்தன்துறை, கீழ்மிடாலம் முதலிய ஊர்களில் மணல் அள்ளும் திட்டத்தை 2024ஆம் ஆண்டில் மக்கள் எதிர்த்தபோதும் இவ்வச்சம் எழுந்தது.

கருவி கொண்டு மணலின் கதிர்வீச்சை ஒரு நாளில் அளந்துவிடலாம். மனிதரின் நோயை அளக்கப் பல்லாண்டுகள் வேண்டும். இத்தகைய மணலே நிறைந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தார் 1990இல் அப்பணியைத் தொடங்கினர். வீடு வீடாகச் சென்று கதிர்வீச்சை அளந்தனர், மக்களைப் பதிந்தனர். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்ததில், 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சு மிகுந்த இடத்தாரையும் குறைந்த இடத்தாரையும் ஒப்பிட்டபோது, கதிர்வீச்சு மிகுந்ததால் புற்றுநோய் மிகுந்ததாகத் தெரியவில்லை. 2009இல் வெளியான முடிவு இது.

இம்முடிவு ஆறுதல் தருவதே. எனினும், இதற்கும் எல்லை உண்டு. அந்த 1,379 பேருள் இரத்தப் புற்றுநோய் கண்டவர் 30 பேரே. இத்துணைச் சிறிய தொகையைக் கொண்டு அந்நோயைப் பற்றி உறுதியாகத் துணிதல் அரிது. இயற்கையாய்க் கிடக்கும் மணலருகே வாழ்வோரின் கணக்கை, மணலை அள்ளிப் பிரிக்கும் தொழிலாளரின் கணக்காகக் கொள்வதும் பொருந்தாது.

நம் கரையின் உண்மையை நம் கரையில் எண்ணியே அறியவேண்டும். அதற்குக் குடும்பங்களின் துணை வேண்டும். பெண்ணின் சம்பந்தம் தடைப்படுமோ என்று அஞ்சி, வீட்டில் நேர்ந்த புற்றுநோயை மறைப்போர் உளர். மறைத்த நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத துயருக்காக யாரிடமும் நியாயம் கேட்கவும் இயலாது. மருத்துவச் சீட்டுகளைப் பேணி வைப்போம். கேட்க வருவோரிடம் உள்ளதை உள்ளபடி உரைப்போம். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யவேண்டிய கடமை இது.