ஆற்றுச் சரளையில் ஆதிமனிதன்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடே பாயும் வெள்ளாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் சரளையுமாகவே காட்சி தரும். அச்சரளையிலே கூரிய முனையுடைய கல்லொன்றைக் காண்பவர், "இஃது ஆதிமனிதன் எய்த அம்பின் முனையோ?" என வியத்தல் இயல்பே. இவ்வினாவிற்கு விடை காணும் வழி யாது?

1859ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையிற் கிடைத்த கற்கள் மனிதன் செதுக்கியவையே என்பதைப் பிரஸ்ட்விச், ஈவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர்கள் நேரில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினர். நான்கு ஆண்டுகள் கழிந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக் குழியொன்றின் அருகே கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி இவ்வாறு தொடங்கிற்று.

இயற்கை உடைத்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் எவ்வாறு பிரித்தறிவது? வெள்ளத்தில் உருண்டு மோதிய கல், ஒழுங்கின்றி ஆங்காங்கே உடைந்திருக்கும். மனிதன் தட்டிப் பெயர்த்த சில்லிலோ, அடிபட்ட இடத்தின் கீழே சிறு புடைப்பொன்று தோன்றும். சில்லு பெயர்ந்த கல்லில் அதற்கு ஏற்ற பள்ளம் விழும். அத்தகைய பள்ளங்கள் ஓரம் முழுவதும் வரிசையாக அமைந்து, கூரிய விளிம்பொன்றை ஆக்கியிருப்பின், அங்கே ஒரு நோக்கம் தெரிகிறது. நோக்கம் உள்ள இடத்தில் மனிதன் இருக்கிறான்.

எனினும், கூரிய கருவி யாவும் அம்புமுனை அன்று. பூட் கண்டெடுத்தவை கையடக்கமான கோடரி போன்றவை. வில்லும் அம்பும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முற்பட்டவை. அம்புமுனையாகத் தக்கவை சின்னஞ்சிறு நுண்கற்கருவிகளே. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளிற் கிடைத்த அவற்றைப் பற்றி, சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர்கள் 1956இல் விரிவாக எழுதினர்.

இனி, காலத்தை அறிவது எங்ஙனம்? ஆறு உருட்டி வந்த கல், தான் பிறந்த இடத்தை இழந்துவிடுகிறது. அதனை மட்டும் கொண்டு காலத்தைக் கணித்தல் அரிது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் மண்ணடுக்குகளை முறைப்படி அகழ்ந்து, கருவிகள் புதைந்து கிடந்த நிலையிலேயே அவற்றை ஆராய்ந்தனர். அதனாலன்றோ அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் அவர்கள் அறிவிக்க முடிந்தது!

ஆகவே, ஐயத்திற்குரிய கல்லைக் கண்டால் சட்டைப் பையில் இட்டுச் செல்லாதீர்கள். அது கிடக்கும் இடத்தையும் அடுக்கையும் குறித்துக்கொண்டு, 1910 முதல் புதுக்கோட்டையில் இயங்கிவரும் அருங்காட்சியகத்திற்குத் தெரிவியுங்கள். இடம் பெயர்க்கப்பட்ட கல் வெறும் காட்சிப்பொருள். இடமறிந்த கல்லே வரலாற்றுச் சான்று.